பிக்கை எத்தனை டிகிரி சாய்ப்பது? கிட்டார் வேகத்தில் குழப்பம் தரும் மூன்று கோணங்கள்

கிட்டார் பழகுகிறவர்களிடம் பிக் (கம்பியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் வில்லை) பிடிக்கும் கோணத்தைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். "45 டிகிரி திருப்பிப் பிடி, வேகம் தானா வரும்" என்பார் ஒருவர். "தட்டையாப் பிடிக்கணும், இல்லைன்னா கரகரன்னு கேக்கும்" என்பார் சர்ச்சில் வாசிக்கும் இன்னொருவர். யூடியூபில் ஒருவர் பிக்கின் தலையைத் தரைப் பக்கம் சாய்க்கச் சொல்வார். மதுரையில் கோயில் திருவிழா மேடையில் லைட் மியூசிக் வாசிக்கிறவர், கல்லூரி கல்ச்சுரல்ஸுக்குத் தயாராகிறவர், டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிரேடு இசைத் தேர்வுக்குப் போகிறவர் என எல்லோரும் இந்த மூன்று அறிவுரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் எல்லோரும் பேசுவது ஒரே கோணத்தை இல்லை. உண்மையில் இருப்பவை மூன்று வேறு கோணங்கள். மூன்றுக்கும் "ஆங்கிள்" என்று ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை இது. எந்தக் கோணம் எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் சொற்கள்

கீழே சொல்வதெல்லாம் வலக்கையால் வாசிப்பவர்களுக்கு. இடக்கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளலாம்.

பிக்குக்கு இரண்டு முகங்கள். கட்டைவிரல் அழுத்துவது ஒன்று, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு தாங்குவது மற்றொன்று. இரண்டு முகங்களும் சந்திக்கும் மெல்லிய ஓரம் விளிம்பு. கம்பியைத் தொடும் முனை நுனி. தரையை நோக்கி அடிப்பது டவுன் ஸ்ட்ரோக், முகத்தை நோக்கி இழுப்பது அப் ஸ்ட்ரோக். ஆறு கம்பிகளின் மேல் ஒரு பாயை விரித்ததாக நினைத்துக்கொண்டால் அதுதான் கம்பித் தளம். பிக் இந்தப் பாய்க்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

இனி அந்த மூன்று கோணங்கள்:

1. விளிம்புக் கோணம்: பிக்கின் முகம் கம்பிக்கு இணையாக இருக்கிறதா, அல்லது சாவியைத் திருப்புவது போலத் திருப்பி விளிம்பு முதலில் படுகிறதா என்பது. தட்டை என்றால் 0 டிகிரி.

2. சாய்வு: பிக்கின் தலைப்பகுதி (நுனிக்கு எதிர்ப்பக்கம்) தரைப் பக்கமோ கூரைப் பக்கமோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது.

3. பாதைக் கோணம்: கை போய்வரும் கோடு கம்பித் தளத்துக்கு இணையாக ஓடுகிறதா, அல்லது ஒரு பக்கம் உள்ளே இறங்கி மறுபக்கம் வெளியே ஏறுகிறதா என்பது.

இவற்றோடு ஆழமும் சேரும். அது கோணம் இல்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பேசினால் கணக்கு உதைக்கும்.

விளிம்புக் கோணம்: சுவரைச் சரிவாக மாற்றுவது

ஒரு சின்னச் சோதனை. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைச் சுவரைப் பார்த்து வைக்கவும். நடுவில் பிக்கை நுனி கீழே இருக்கும்படி, விளிம்பு டார்ச்சைப் பார்க்கும்படி பிடிக்கவும். சுவரில் விழுவது ஒரு கோடு மட்டுமே. இப்போது பிக்கை மெல்லத் திருப்பினால் கோடு விரிந்து ஓர் ஆப்பாக மாறும்.

அந்த நிழல்தான் கம்பி "பார்க்கும்" பிக். தட்டையாகப் பிடித்தால் கம்பிக்கு எதிரே நிற்பது செங்குத்துச் சுவர். கம்பி அதில் முட்டி நின்று, பிக் வளையும் வரையோ விரல் விட்டுக்கொடுக்கும் வரையோ இழுபட்டு, பிறகு நுனிக்கு அடியில் நழுவி விடுபடும். திருப்பிப் பிடித்தால் சுவர் சரிவாகிவிடும். கம்பி அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டே நுனிக்கு வந்து விடுபடும். தடை குறைவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு சரிவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நுனியின் இரு ஓரங்களும் செங்கோணத்தில் கூர்மையாகச் சந்திப்பதாக வைத்துக்கொண்டால், செங்குத்திலிருந்து சரிவு ஏறத்தாழ இப்படி வரும்:

- 0 டிகிரி திருப்பினால்: சரிவே இல்லை
- 15 டிகிரி: 14 முதல் 15 டிகிரிச் சரிவு
- 30 டிகிரி: 27
- 45 டிகிரி: 35
- 60 டிகிரி: 41

முதல் 15 டிகிரியில் கிடைக்கும் லாபம் அடுத்த 15-இல் கொஞ்சம் குறைகிறது, 30-க்கு மேல் இன்னும் குறைகிறது. கடைசி 15 டிகிரி தருவது 6 டிகிரிச் சரிவுகூட இல்லை. கடையில் வாங்கும் பிக்குகளின் நுனி உருண்டை என்பதால் எண்கள் மாறும், போக்கு மாறாது. சரிவில் லாபம் சுருங்கும் அதே வேளையில் செலவு ஏறுகிறது. 4, 5, 6 ஆம் கம்பிகள் (மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6) வெறும் கம்பிகள் இல்லை. எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தவை (அக்கூஸ்டிக்கில் வெண்கலச் சுற்று, எலெக்ட்ரிக்கில் பெரும்பாலும் நிக்கல் பூசிய சுற்று). கோணம் கூடக் கூட முகம் விலகி, மெல்லிய விளிம்பு மட்டும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் உரசும். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் வரும் சத்தம் போல ஒரு "கிர்ர்" வரும். 45 டிகிரி அறிவுரையைக் கேட்டவர்கள் புலம்பும் கரகரப்பு இதுதான்.

ஆக, 15-இலிருந்து 30 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் நிறுத்துவதே பெரும்பாலானவர்களுக்கு உத்தமம். 45 டிகிரி தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மெட்டல் ரிதம் அடிப்பவர்கள் அந்த உரசலையே ஒரு ருசியாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பழகத் தொடங்குகிறவருக்கு எடுத்த எடுப்பில் 45 சொல்வது அரைகுறை அறிவுரை.

எந்தப் பக்கம் திருப்புவது? டவுன் ஸ்ட்ரோக்கில் நெக் (இடக்கை பிடிக்கும் கழுத்து) பக்கத்து விளிம்பு முந்திப் படுவது பரவலான முறை. கட்டைவிரல் இயல்பாக மடங்கினாலே இது வந்துவிடும். பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் கட்டை) பக்கத்து விளிம்பு முந்துவது மற்றொரு முறை. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் கையில் இதைப் பார்க்கலாம். அதற்குப் பிடியையே மாற்ற வேண்டும். கட்டைவிரல் பின்னோக்கி வளையும், மணிக்கட்டு வேறு விதமாக நிற்கும். முதல் முறையில் வேகம் வராதவர்கள் ஒரு வாரம் இதைச் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒலியும் மாறும். தட்டைப் பிடியில் சுரத்தின் தொடக்கம் "டிக்" என்று கூர்மையாக, பளிச்சென்று கேட்கும். விளிம்புப் பிடியில் தொடக்கம் மழுங்கி, சுரம் உருண்டு வரும். அதனால் ஒரே பாட்டுக்குள்ளேயே ரிதத்துக்கு (பின்னணி கார்டுகளுக்கு) தட்டையாகவும் லீடுக்கு (தனி மெட்டுக்கு) திருப்பியும் பிடிக்கிறவர்கள் உண்டு.

ஆழம்: யாரும் பேசாத வில்லன்

ஏர் உழுத வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொழு ஒரு விரற்கடை கூடுதலாக மண்ணில் இறங்கினால் மாடு திணறி நின்றுவிடும். பிக்கும் அப்படித்தான். கம்பித் தளத்துக்குள் 1 முதல் 2 மி.மீ. இறங்கினால் போதும். பழகத் தொடங்குகிறவர்களின் பிக் பெரும்பாலும் 4 மி.மீ. வரை இறங்கியிருக்கும். விரலுக்கு வெளியே பிக் பாதி நீட்டிக்கொண்டிருப்பதே முதல் அடையாளம். விரலுக்கு வெளியே 3 முதல் 5 மி.மீ. தெரிந்தால் போதுமானது.

பிக்கின் தடிமனும் இங்கே வந்து சேர்கிறது. புது கிட்டாரோடு பையில் போட்டுத் தரும் மெல்லிய பிக் பெரும்பாலும் அரை மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். அது வளைந்து வளைந்து தடையை விழுங்கிவிடும். எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரே மாதிரி தோன்றும். வளைந்த நுனி திரும்பி நிமிரவும் நேரம் எடுக்கும். கோணத்தின் வித்தியாசத்தைக் கை உணர வேண்டுமானால் 0.88 மி.மீ. அல்லது 1 மி.மீ. பிக்குக்கு மாறுவது நல்லது. முதல் இரண்டு நாள் கம்பி முரட்டுத்தனமாகத் தோன்றும். அதுவரை ஆழம் அதிகமாக இருந்ததை மெல்லிய பிக் மறைத்து வைத்திருந்தது என்று அர்த்தம்.

சாய்வும் பாதையும்: கம்பி மாறும் இடத்தில் வரும் தகராறு

ஒரே கம்பியில் டவுன், அப், டவுன், அப் என்று அடிப்பதற்கு விளிம்புக் கோணமும் ஆழமும் சரியாக இருந்தால் போதும். கம்பி மாறும்போதுதான் வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது.

கை கம்பித் தளத்துக்கு நேர் இணையாகப் போய்வந்தால், பிக் எப்போதும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கிடக்கும். அடுத்த கம்பிக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு கம்பியைத் தாண்ட வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது கை தன்னையறியாமல் குதித்துத் தாண்டிவிடும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தாள அடி) அடிக்கு நான்கு சுரம் என்றால் ஒரு நொடிக்கு 8 சுரங்கள், ஒரு சுரத்துக்கு 125 மில்லி நொடி. அந்த வேகத்தில் தனியாக ஒரு குதிப்புக்கு நேரமில்லை. மாட்டிக்கொள்ளும், அல்லது வேண்டாத கம்பி ஒலிக்கும்.

அனுபவசாலிகளின் கை என்ன செய்கிறது? பாதையையே கொஞ்சம் சரித்துவிடுகிறது. இரண்டு வகை உண்டு:

1. அப் ஸ்ட்ரோக் வெளியேறும் பாதை: டவுன் ஸ்ட்ரோக் உள்நோக்கி இறங்கும், அப் ஸ்ட்ரோக் தளத்தை விட்டு வெளியே ஏறும். அப் முடிந்த கணத்தில் பிக் காற்றில் இருக்கும், எந்தக் கம்பிக்கும் போகலாம். இதற்குப் பொருத்தமான சாய்வில் பிக்கின் தலை தரைப் பக்கம் சாய்ந்திருக்கும். ஜாங்கோ ராயின்ஹார்ட் வழியில் வந்த ஜிப்ஸி ஜாஸ் வாசிப்பும் ராக் கிட்டார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீனின் வாசிப்பும் இந்த வகை.

2. டவுன் ஸ்ட்ரோக் வெளியேறும் பாதை: இதற்கு நேர் எதிர். பிக்கின் தலை கூரைப் பக்கம் சாயும். ஜாஸ்-ஃப்யூஷன் கிட்டார் கலைஞர்கள் ஜான் மெக்லாஃப்லின், அல் டி மியோலா ஆகியோரின் கை இந்த வகை.

இரண்டு ஸ்ட்ரோக்கும் வெளியேறும் வளைவான பாதையும் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்தி, பல கலைஞர்களின் வலக்கையை நெருக்கத்தில் படம்பிடித்து இந்த வகைப்பாட்டைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கக் கலைஞர் ட்ராய் கிரேடி. தொடக்கத்தில் எல்லோரும் இதைச் சாய்வின் மகிமை என்றே புரிந்துகொண்டார்கள். உண்மையில் வெளியேற்றுவது பாதை. சாய்வு அந்தப் பாதைக்குத் துணைபோவது. கை தட்டையான பாதையில் ஓடும்போது பிக்கை மட்டும் 20 டிகிரி சாய்த்தால் எதுவும் வெளியேறாது. ஒரு ஸ்ட்ரோக் வழுக்கிக்கொண்டு போகும், மற்றொன்று கொக்கி போல மாட்டும், அவ்வளவுதான். "சாய்ச்சும் பார்த்தாச்சு, வேகம் வரலை" என்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுவே. பாதை 15 டிகிரி சரிந்தால் பிக்கும் ஏறத்தாழ 15 டிகிரி சாய வேண்டும். அப்போதுதான் இரண்டு ஸ்ட்ரோக்கிலும் ஒரே அளவு தடை தெரியும்.

பாதையை மாற்றுவது விரல் வேலை இல்லை, முன்கை வேலை. திருநீறு வாங்கக் கை நீட்டும்போது முன்கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் சற்றே திருப்பினால் சுண்டுவிரல் ஓரம் மட்டும் கிட்டாரில் பட்டு, கட்டைவிரல் பக்கம் மேலெழும். முதல் வகைப் பாதை தானாக அமையும். எதிர்ப்பக்கம் திருப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதி இரண்டு மேடுகளும் பிரிட்ஜ் அருகே பதிந்தால் இரண்டாவது வகை.

எவ்வளவு சரிவு போதும்? இங்கேதான் ஆழம் திரும்ப வருகிறது. பிக் அடிக்கும் இடத்தில் கம்பிக்குக் கம்பி சுமார் 10 மி.மீ. இடைவெளி. பிக் 1.5 மி.மீ. இறங்கியிருந்தால், 10 டிகிரி சரிந்த பாதையே அடுத்த கம்பியை எட்டுவதற்குள் அதை 1.7 மி.மீ.க்கு மேல் உயர்த்திவிடும். தாண்டிவிடலாம். அதே பிக் 4 மி.மீ. இறங்கியிருந்தால் 22 டிகிரி தேவை. அவ்வளவு சரித்தால் கை மரம் வெட்டுவது போலத் தெரியும். ஆழத்தைக் குறைக்காமல் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவது, ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

சரளி வரிசையை வைத்தே பார்க்கலாம்

பாட்டோ வயலினோ கொஞ்சம் கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு இதை விளக்க மேற்கத்திய ஸ்கேல் வேண்டாம், மாயாமாளவகௌளை ராகம் போதும். 5 ஆம் கம்பி 3 ஆம் ஃப்ரெட்டை (நெக்கில் குறுக்குப் பட்டைகளால் பிரிந்த கட்டம்) ச என்று வைத்தால்:

- 5 ஆம் கம்பி: ச (3), ரி (4)
- 4 ஆம் கம்பி: க (2), ம (3), ப (5)
- 3 ஆம் கம்பி: த (1), நி (4), மேல் ச (5)

அடைப்புக்குள் இருப்பது ஃப்ரெட் எண்.

முதல் சரளி வரிசையை (ச ரி க ம ப த நி ச, ச நி த ப ம க ரி ச) டவுனில் தொடங்கி மாற்றி மாற்றி அடித்தால், ஒரு சுற்றில் கம்பி நான்கு முறை மாறும். ரி-இலிருந்து க-வுக்கு அப் முடிந்து மாறுகிறோம். ப-விலிருந்து த-வுக்கு டவுன் முடிந்து. இறங்கும்போது த-விலிருந்து ப-வுக்கு டவுன் முடிந்து. க-விலிருந்து ரி-க்கு அப் முடிந்து. இரண்டு அப், இரண்டு டவுன். முதல் வகைப் பாதை உள்ளவருக்கு ப-த, த-ப இரண்டு இடத்திலும் பிக் பள்ளத்தில் மாட்டும். முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) இது தெரியவே தெரியாது. மூன்றாம் காலத்தில் (அதன் நான்கு மடங்கு வேகத்தில்) சரியாக அந்த இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கும். "என் விரல் வேகம் போதலை" என்று இடக்கையைத் திட்டிக்கொண்டிருப்பார், குற்றவாளி வலக்கையாக இருக்கும்.

இதற்குத் தீர்வு ஸ்ட்ரோக்கை மாற்றி அமைப்பது:

1. ஏறும்போது ப-வை டவுனில் அடித்து, அதே தள்ளலில் பிக்கை 3 ஆம் கம்பி மேல் சாயவிட்டு, த-வையும் டவுனிலேயே அடிக்கவும். இரண்டு தனி அடியாக இல்லாமல் ஒரே நகர்வாக வர வேண்டும்.

2. அதன்பின் நி அப், மேல் ச டவுன். இறங்கும்போது ச அப், நி டவுன், த அப். இப்போது த-ப மாற்றம் அப்புக்குப் பின் வருவதால் பிக் சுலபமாக வெளியேறும்.

3. ப டவுன், ம அப். க-வை அடிக்காமல், ம-விலிருந்து விரலைப் பிடுங்கி புல்-ஆஃபில் ஒலிக்கவிடவும்.

4. ரி டவுன், ச அப். மறு சுற்று மறுபடி டவுனில் தொடங்கும்.

பதினாறு சுரத்தில் ஒரு புல்-ஆஃப், ஒரு இரட்டை டவுன். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் ஜண்டை வரிசையில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒவ்வொரு சுரமும் இரண்டிரண்டாக வருவதால், டவுனில் தொடங்கினால் எந்தக் கம்பியை விட்டுக் கிளம்பினாலும் கடைசி அடி அப்தான். முதல் வகைப் பாதைக்கென்றே எழுதி வைத்தது போல அமைந்திருக்கிறது. இரண்டாவது வகைப் பாதை உள்ளவர்கள் அதே வரிசையை அப்பில் தொடங்கினால் போதும். சரளியில் தடுக்கும் கை ஜண்டையில் அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனால், சிக்கல் கம்பி மாறும் இடத்தில் மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

தாட்டு வரிசை வேறு கதை. அதில் சுரங்கள் தாண்டித் தாண்டி வருவதால் கம்பி மாற்றம் இரண்டு ஸ்ட்ரோக்குக்குப் பின்னும் கலந்து வரும். கம்பிக்கு ஒரு சுரம் வரும் ஆர்ப்பெஜியோவும் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) இப்படியே. இளையராஜா இசையில் ஆர்ப்பெஜியோ ஏராளம் என்பது மேடையில் வாசிப்பவர்களுக்குத் தெரியும். விரலால் மீட்ட வேண்டியதைப் பிக்கால் வாசிக்க முற்பட்டால் இரண்டு பக்கமும் வெளியேறும் வளைவுப் பாதை தேவைப்படும். முதல் இரண்டில் ஒன்று உறுதியாக வராமல் அதில் கை வைப்பது நேர விரயம்.

ஸ்ட்ரம்மிங்குக்கு (பல கம்பிகளை ஒரே வீச்சில் அடிப்பது) ஒரு வரி போதும்: பிக்கைத் தளர்வாகப் பிடித்து, டவுனில் நுனி கூரைப் பக்கமும் அப்பில் தரைப் பக்கமும் பின்தங்கி வரவிட்டால் சரி.

உங்கள் கையில் எது கோளாறு? கண்டுபிடிக்கும் முறை

முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, பிக் அடிக்கும் அதே மணிக்கட்டு அசைவைத் தொடையில் தட்டிப் பார்க்கவும். கிட்டாரில் வருவதை விட இது நன்றாக வேகமாக வந்தால், கைக்கு வேகம் இருக்கிறது, பிக்கும் கம்பியும் சந்திக்கும் இடத்தில்தான் தடை. இரண்டும் ஒரே வேகம் என்றால் கோணத்தை எவ்வளவு மாற்றினாலும் பலன் சொற்பம். அசைவையே மாற்ற வேண்டும். கோணம் வேகத்தைத் தருவதில்லை, வேகத்துக்குக் குறுக்கே கிடப்பதை அகற்றும், அவ்வளவே.

அடுத்து, செல்போனின் ஸ்லோ மோஷன். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் நொடிக்கு 8 சுரம் வாசித்தால், ஒரு சுரத்துக்கு நான்கு படம்கூடத் தேறாது. எதுவும் தெரியாது. 240-இல் எடுத்தால் ஒரு சுரத்துக்கு 30 படம். போனை நெக் பக்கம் வைத்து, கம்பிகளின் நீளவாக்கில் பிரிட்ஜை நோக்கிப் பார்க்கும்படி எடுக்க வேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் பாதை தெரியாது.

பிறகு வரிசையாக:

1. 3 ஆம் கம்பியில் மட்டும், வசதியான உச்ச வேகத்தில் 20 நொடி அடிக்கவும். விளிம்புக் கோணத்தை 0, 15, 30, 45 என்று மாற்றி நான்கு முறை. தடை சட்டென்று குறையும் இடத்தைக் குறித்துக்கொள்ளவும்.

2. அதே கோணத்தில் 6 ஆம் கம்பியில் அடிக்கவும். கிர்ரென்ற சத்தம் சுரத்தை மூடினால் 5 டிகிரி பின்வாங்கவும்.

3. படத்தில் எந்த ஸ்ட்ரோக்கின் முடிவில் பிக் தளத்துக்கு வெளியே தெரிகிறது என்று பார்க்கவும். இதை மாற்ற முயல வேண்டாம். வேகத்தில் தானாக வருவதுதான் உங்கள் வகை.

4. அந்த வகைக்கு ஏற்ப ஜண்டையை டவுனிலோ அப்பிலோ தொடங்கி, இரண்டு கம்பிகளில் மட்டும் பழகவும். மெட்ரனோமை (தாளம் தட்டும் கருவி) வழக்கம் போலக் கீழிருந்து ஐந்தைந்தாக ஏற்றுவதை விட, ஒரு கம்பியில் வரும் உச்ச வேகத்துக்கு 20 பிபிஎம் குறைத்து அங்கிருந்தே தொடங்குவது நல்லது. மிக மெதுவாக வாசித்தால் கை குதிக்கும் பாதைக்குப் போய்விடும், தவறான அசைவு பழகிவிடும்.

மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் பிடி இறுக்கமாக இருக்கும். இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதிக ஆழம்.

மதுரை வெயிலும் வழுக்கும் பிக்கும்

சித்திரை, வைகாசி மேடைகளில் இன்னொரு தொல்லை. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், இரவுக் கச்சேரியிலும் விளக்குச் சூட்டில் கை நனைந்தே இருக்கும். ஒவ்வொரு டவுன் ஸ்ட்ரோக்கும் பிக்கை விரலுக்குள் துளித் துளியாகத் திருப்பும். இரண்டு பாட்டு முடிவதற்குள் 25 டிகிரியில் பிடித்தது 50-க்குப் போயிருக்கும். வாசிக்கிறவர் அதைத் தடுக்க இறுக்கிப் பிடிப்பார், இறுக்கினால் மணிக்கட்டு கெட்டியாகும், வேகம் போய்விடும்.

நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள், அசிட்டல் வகைப் பிளாஸ்டிக் அவ்வளவாக உறிஞ்சாது. எதுவானாலும், பிடிக்கும் இடத்தில் புடைப்பு எழுத்தோ சொரசொரப்போ உள்ள பிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழவழப்பான பிக்கே கைவசம் இருந்தால், பிடிக்கும் பகுதியில் மட்டும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்துக்கொள்ளலாம். நுனியில் கிழித்தால் கம்பியில் சிக்கி உரசும். தலையில் எண்ணெய் வைத்த கையோடு, மேடைக்குப் பின்னால் வடை தின்ற கையோடு கிட்டாரைத் தொடுகிறவர்களுக்கு எந்தப் பிக்கும் நிற்காது, சோப்பு போட்டுக் கழுவுவதுதான் வழி. வியர்வை பட்ட எஃகுக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். அப்போது பழைய கோணத்திலேயே புதுத் தடை வரும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டும்.

தேய்ந்த பிக்கைப் படிப்பது

ஒரு மாதம் வாசித்த பிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நுனிக்கு இரு பக்கமும் பட்டை தீட்டியது போல இரண்டு தேய்மானங்கள் தெரியும். நெக் பக்கத்து விளிம்பு முந்தும் முறையில், டவுன் ஸ்ட்ரோக் அந்த விளிம்பை ஆள்காட்டி விரல் பக்கத்து முகத்தில் தேய்க்கும். அப் ஸ்ட்ரோக் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பைக் கட்டைவிரல் பக்கத்து முகத்தில் தேய்க்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் சாய்வும் பாதையும் பொருந்தியிருக்கின்றன. ஒன்று மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் அந்த ஸ்ட்ரோக் மாட்டிக்கொண்டு உழைக்கிறது, சாய்வை எதிர்ப்பக்கம் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும். பட்டை விழாமல் நுனி மட்டும் வட்டமாக மழுங்கியிருந்தால் பிடி தட்டையாகவே இருந்திருக்கிறது. விளிம்பு ரம்பம் போலச் சொரசொரத்துவிட்ட பிக்கை 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு ஜீன்ஸ் துணியில் நன்றாக உரசினால் இன்னும் சில வாரம் ஓடும். நுனி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகிவிட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம்.